காட்டுயிர்க் கண்காணிப்பில் தன்னார்வலர் உந்துதல்

காட்டுயிர்க் கண்காணிப்பில் தன்னார்வலர் உந்துதல் என்பது, ஊதியம் பெறாமல் பறவைகள், பாலூட்டிகள், ஆமைகள், வண்ணத்துப்பூச்சிகள், மரங்கள் முதலியவற்றை நோக்கிக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளை அறிவியல் ஆய்வுக்கு அளிக்கும் பொதுமக்கள் அவ்வாறு செய்வதற்கான காரணங்களைக் குறிக்கும். இவ்வகைப் பணி குடிமக்கள் அறிவியல் எனப்படுகின்றது. மக்கள் அறிவியல் என்ற பெயரும் வழக்கில் உண்டு. ஆயினும் தமிழ்நாட்டில் அப்பெயர், அறிவியலை மக்களிடம் எடுத்துச் செல்லும் அறிவியல் இயக்கத்தின் பணியையும் குறிப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. இங்கு பேசப்படுவது அதன் மறுதலை; அதாவது மக்களிடமிருந்து அறிவியலுக்குச் செல்லும் தகவல் ஆகும்.

ஒரு நாட்டிலுள்ள பறவைகளையெல்லாம் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு எந்த அரசிடமும் பணியாளர் இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020 ஆம் ஆண்டு அறிக்கை, 15,500-க்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் அளித்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 867 இனங்களை ஆராய்ந்தது. 2023 ஆம் ஆண்டு அறிக்கையில் நோக்குநர் எண்ணிக்கை 30,000-ஐயும், பதிவுகள் மூன்று கோடியையும் கடந்தன. 942 இனங்கள் ஆராயப்பட்டு, 178 இனங்கள் உயர் பாதுகாப்பு முன்னுரிமை உடையவை என வகைப்படுத்தப்பட்டன. இப்பதிவுகளுக்காக எவருக்கும் கூலி வழங்கப்படவில்லை. ஆகவே, மனிதர்கள் ஏன் வருகின்றனர், ஏன் நின்றுவிடுகின்றனர் என்ற கேள்வி, உளவியலாளருக்கு மட்டும் உரிய ஒன்றன்று. அதற்கான விடையைப் பொறுத்தே நாட்டின் பறவைகளைப் பற்றி என்ன தெரியும், என்ன தெரியாமற் போகும் என்பது அமைகின்றது.

வரலாறு

இன்று நடைபெறும் கணக்கெடுப்புகளுள் மிகப் பழையது வட அமெரிக்காவின் கிறித்துமசுப் பறவைக் கணக்கெடுப்பு ஆகும். கிறித்துமசு நாளில் அணியணியாகக் காட்டுக்குச் சென்று, கண்ணிற் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு, எந்த அணி மிகுதியாகக் கொன்றது எனப் பார்ப்பது அக்காலத்தில் அங்கு ஒரு விளையாட்டாக இருந்தது. பறவையியலாளர் பிராங்க் சாப்மன், சுடுவதற்கு மாற்றாக எண்ணலாம் என்று தாம் நடத்திய இதழில் வேண்டுகோள் விடுத்தார். 1900 டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சாப்மன் போட்டியை ஒழிக்கவில்லை. துப்பாக்கியை மட்டுமே எடுத்துவிட்டார். விடுமுறை நாள், நண்பர் குழு, வெளியிற் சுற்றுதல், யார் முந்துவது என்ற ஆவல் ஆகிய அனைத்தும் அப்படியே இருந்தன. நூறாண்டு கடந்தும் இக்கணக்கெடுப்பு நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்தியத் துணைக்கண்டத்தில் 1987 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் சனவரியில் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்படுகின்றது. இலங்கையில் 1943 இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பறவைக் கழகத்தின் உறுப்பினர்கள் இதன் பொறுப்பை ஏற்று, மன்னார், யாழ்ப்பாணம் முதலிய கரையோர நீர்நிலைகளையும் எண்ணி வந்துள்ளனர்.

2007 ஆம் ஆண்டு பெங்களூரிலிருந்து தொடங்கப்பட்ட மைகிரன்ட்வாட்ச் என்னும் திட்டம், வலசைப் பறவை ஒன்று தம் ஊருக்கு முதன்முதலாக வந்து சேரும் நாளைத் தெரிவிக்குமாறு பொதுமக்களை வேண்டியது. பருவமழைக்கு முன்னோடியாகக் கருதப்படும் சுடலைக்குயிலின் வருகையும் இவ்வாறு பதிவாயிற்று. மரங்களின் பூப்பு, காய்ப்புக் காலங்களைக் குறித்துவைக்கும் சீசன்வாட்ச் திட்டத்தில், கேரளப் பள்ளி மாணவர்களின் பங்கு பெரிது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் தன்னார்வக் காட்டுயிர்ப் பணிக்கு நெடிய மரபு உண்டு. சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடி இரவு முழுவதும் நடக்கும் பழக்கம் 1970களில் தொடங்கியது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அப்பணியைத் தொடர்ந்து செய்து வருகின்றது. சனவரி முதல் ஏப்ரல் வரை, நீலாங்கரைக்கும் மெரீனாவுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில், பகலெல்லாம் வகுப்பிலோ பணியிலோ இருந்தவர்கள் நள்ளிரவில் நடக்கின்றனர். கண்டெடுத்த முட்டைகள் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன. பொரித்த குஞ்சுகள் கடலில் விடப்படும் மாலைப் பொழுதில் நூற்றுக்கணக்கானோர் கூடுவர். ஆனால் இரவு நடைக்குத் தொடர்ந்து வருபவர் தொகை அதனினும் மிகக் குறைவு. பார்ப்பதற்கு வரும் உந்துதலும், பணி செய்வதற்கு வரும் உந்துதலும் வேறு வேறானவை என்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு ஆகும்.

1978 இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கம், சேலம், கோவை முதலிய ஊர்களின் பறவையியல் அமைப்புகள் ஆகியவை நீர்நிலைகளில் தொடர்ந்து கணக்கெடுத்து வருகின்றன. தென்மாவட்டங்களில், 2011 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு குறிப்பிடத்தக்கது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், உள்ளூர் இயற்கை அமைப்புகளுடன் சேர்ந்து இதனை நடத்துகின்றது. கல்லூரி மாணவர், ஆசிரியர், மருத்துவர், வணிகர் எனப் பலரும் குழுக்களாகப் பிரிந்து, தாமிரபரணிப் பாசனக் குளங்களைச் சுற்றி வந்து எண்ணுகின்றனர்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 சனவரியில் முதன்முதலாக நடைபெற்றது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் இணைந்து பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் இதனை நடத்துகின்றனர். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, கண்ட பறவைகளை எல்லாம் பட்டியலிட்டு, ஈபேர்டு என்னும் இணையத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும். வயல், கண்மாய், கோயிற்குளம், வீட்டு மாடி என எங்கும் செய்யலாம். இதன் நாட்தேர்வு கருதத்தக்கது. பொங்கலுக்குப் பெரும்பாலானோர் சொந்த ஊருக்குச் செல்கின்றனர். நகரத்தில் பணிபுரியும் ஒருவர் ஆண்டில் நான்கு நாட்கள் மட்டுமே தம் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கின்றார் எனில், அந்த நான்கு நாட்களும் பொங்கலாகவே இருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர் நிறைந்திருக்கும் காலமும், வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் காலமும் அதுவே.

உந்துதல்களை வகைப்படுத்தல்

தன்னார்வப் பணி எதற்காயினும் பொருந்தும் வகையில், ஈ. கில் கிளாரியும் மார்க் சினைடரும் பிறரும் 1998 இல் ஒரு வினாநிரலை வெளியிட்டனர். அது தன்னார்வப் பணி ஒருவருக்கு ஆற்றும் செயற்பாடுகளை ஆறாகப் பிரித்தது: தாம் மதிக்கும் நெறிகளை வெளிப்படுத்தல், அறிந்துகொள்ளல், பிறருடன் சேர்தல், தொழில் முன்னேற்றம், மனச்சுமையிலிருந்து விடுபடல், தன்மதிப்பு வளர்தல். ஒரே பணியில் ஈடுபட்டுள்ள இருவருக்கு வெவ்வேறு செயற்பாடுகள் முதன்மையாக இருக்கக்கூடும் என்பதே இதன் மையக் கருத்தாகும். ஒரே கண்மாய்க் கரையில் ஒரே தொலைநோக்கியை மாறிமாறிப் பிடிக்கும் இருவருள், ஒருவர் பணி ஓய்வு பெற்ற பின் வீட்டில் இருக்க இயலாமல் வந்தவராகவும், மற்றவர் உயிரியலில் மேற்படிப்பு நோக்கி வந்தவராகவும் இருக்கலாம்.

டேனியல் பேட்சனும் உடன் ஆய்வாளரும் 2002 இல் வேறொரு பகுப்பைத் தந்தனர். தன் நலம், பிறர் நலம், தான் சார்ந்த குழுவின் நலம், கொள்கை ஆகிய நான்கும் மனிதர்களைப் பொதுப்பணிக்கு இட்டு வருகின்றன என்பது அவர்கள் கருத்து. காட்டுயிர்ப் பணி பற்றிய பிற்கால ஆய்வுகள் சில இந்நான்கையே அடிப்படையாகக் கொண்டன. இவற்றுள் தன் நலம் என்பதை இழிவான பொருளில் கொள்ளலாகாது. புதியதொன்றை அறியும் ஆவலும், காலை வேளையில் வெளியே நடக்கும் இன்பமும் அதனுள் அடங்கும்.

அமெரிக்கா, இந்தியா, கோசுட்டா ரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் தன்னார்வலர்களை ஒப்பிட்டு டானா ரோட்மனும் குழுவினரும் செய்த ஆய்வு 2014 இல் வெளிவந்தது. தொடக்கத்தில் ஒருவரைக் கொண்டுவருவது பெரும்பாலும் அவரது சொந்த ஆர்வமே என்பதும், அவரை நிலைத்திருக்கச் செய்பவை அவற்றினும் வேறானவை என்பதும் இதன் முடிவுகளுள் அடங்கும். நம்பிக்கை, பொதுவான குறிக்கோள், செய்த பணிக்கு ஏற்பு, குழுவில் ஓர் இடம், தாம் அளித்த தகவல் கல்விக்கோ கொள்கை முடிவுக்கோ பயன்படுகின்றது என்ற அறிவு ஆகியன நீடித்த பங்கேற்புக்குக் காரணங்களாகக் காணப்பட்டன.

இணையவழித் திட்டங்களிலும் இதற்கு இணையான முடிவு உண்டு. விண்மீன் மண்டலங்களின் படங்களை வகைப்படுத்தும் கேலக்சி சூ திட்டத்தில், தமது முதன்மைக் காரணமாக ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் குறிப்பிட்டது, உண்மையான ஆய்வுக்குப் பங்களித்தல் என்பதாகும்.

வருவதற்கான காரணங்கள்

பறவை நோக்கலில் முதல் ஈர்ப்பு பெரும்பாலும் பெயர் அறிதலில் தொடங்குகின்றது. நாள்தோறும் மின்கம்பியில் கண்ட கருநிறப் பறவை இரட்டைவால் குருவி என்றும், அதற்குக் கரிச்சான் என்ற பெயரும் உண்டென்றும் தெரிந்தவுடன், அடுத்த பறவையின் பெயர் என்ன என்ற வினா தானாக எழுகின்றது. இதனாற்றான் உள்ளூர்ப் பெயர்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. ஆள்காட்டி, தவிட்டுக்குருவி, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எனத் தமிழில் பெயர்கள் நிறைந்துள்ளன. ஒரே பறவைக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர் வழங்குவதும் உண்டு. பேராசிரியர் க. ரத்னம் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூல் இவ்வகையில் பெரும்பணி ஆகும். மா. கிருஷ்ணன், சு. தியடோர் பாஸ்கரன் ஆகியோர் தமிழில் எழுதிய காட்டுயிர்க் கட்டுரைகளும் படிப்பவரை வெளியே இட்டுச் செல்பவை. ஆங்கிலக் கையேடு மட்டுமே கிடைக்கும் நிலையில், ஆர்வம் இருந்தும் தயங்கி நின்றுவிடுபவர் பலர்.

ஊர்ப்பற்று மற்றொரு காரணம். மாநிலத்தின் பறவை வளத்துக்காக ஒருவர் காலை ஐந்தரைக்கு எழுவது அரிது. தம் ஊர்க் கண்மாய்க்காக எழுவது அவ்வளவு அரிதன்று. அக்கண்மாயின் பெயர் நிலப்படத்தில் இடம்பெறுவதும், அதன் கீழ்ப் பறவைப் பட்டியல் நீள்வதும் அவருக்கு நிறைவளிக்கின்றன.

நட்பும் குழுவும் முதற் காரணமாக எப்போதும் சொல்லப்படுவதில்லை. ஆனால் உண்மையில் வலுவானவை. கணக்கெடுப்பு முடிந்தபின் சாலையோரக் கடையில் தேநீருடன் நடைபெறும் உரையாடலுக்காகவே வருபவரும் உளர். புதியவர் அங்குதான் கற்கின்றார்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதும், மருத்துவர் நடக்கச் சொன்னதும், புகைப்படக் கருவி வாங்கியதும் கூடக் காரணங்களாக அமைகின்றன. இவை சிறியனவாகத் தோன்றினும், பலரது தொடக்கம் இவையே.

மென்பொருள் கற்பித்த பாடம்

உந்துதல் பற்றிய தெளிவான சான்றுகளுள் ஒன்று ஈபேர்டின் வரலாற்றில் உள்ளது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபன் சங்கமும் 2002 இல் அதனைத் தொடங்கின. அறிவியலுக்கு உதவுங்கள் என்பதே தொடக்கத்தில் அதன் அழைப்பு. எதிர்பார்த்த அளவுக்குப் பதிவுகள் வரவில்லை. சில ஆண்டுகளின் பின்னர் வடிவமைப்பு மாற்றப்பட்டது. பறவை நோக்குநர் தம் வாழ்நாட் பட்டியலை வைத்துக்கொள்ளவும், ஆண்டுவாரி, இடவாரியாகப் பார்க்கவும், தம்மைப் பிறருடன் ஒப்பிடவும், அருகில் எங்கே எப்பறவை காணப்பட்டது எனத் தேடவும் வசதிகள் சேர்க்கப்பட்டன. அதன்பின் பதிவுகள் பெருகின.

பறவை நோக்குநர் ஏற்கெனவே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தனர். அக்குறிப்பேட்டினும் சிறந்த குறிப்பேட்டைக் கொடுத்தபோது அவர்கள் வந்தனர்; அறிவியலுக்கான தரவு அதன் உடன்விளைவாகக் கிடைத்தது. பயனருக்குப் பயன்படாத மென்பொருளை நன்றியுணர்வின் பேரில் எவரும் நெடுநாள் பயன்படுத்துவதில்லை என்பது பொறியாளர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்திதான். இந்தியாவில் 2013 இல் மாபெரும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு உலகெங்கும் விரிவாக்கப்பட்டபோது பலர் முதன்முறையாக இத்தளத்துக்கு வந்தனர். அதையடுத்து உருவான பேர்டு கவுன்ட் இந்தியா என்னும் கூட்டமைப்பு, பண்டிகைகளையும் கல்லூரி வளாகங்களையும் ஒட்டிய கணக்கெடுப்புகளை ஊக்குவித்தது.

சான்றிதழும் பரிசும்

பள்ளி, கல்லூரிகளில் பங்கேற்பைப் பெருக்குவதற்குச் சான்றிதழ் வழங்குவது பரவலான வழக்கம். இது பயனுள்ளதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளரும் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளுள் சிலருக்கு, வரைந்தால் பட்டயம் தரப்படும் என முன்கூட்டியே கூறப்பட்டது. பின்னர்ப் பட்டயப் பேச்சே இல்லாத நாட்களில் அக்குழந்தைகள் பிறரைவிடக் குறைவாக வரைந்தனர். எதிர்பாராமல் பட்டயம் பெற்ற குழந்தைகளிடம் அவ்வாறு ஆர்வம் குன்றவில்லை. எனவே பிழை பரிசில் அன்று. பரிசை முன்வைத்து அழைப்பதில் உள்ளது.

தமிழ்நாட்டுச் சூழலில் இதற்கு மறுபக்கமும் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குச் சான்றிதழ் வெறும் அலங்காரம் அன்று, வேலைவாய்ப்புக்கான ஆவணம். சான்றிதழுக்காக வந்தவருள் ஒரு சிலர் பறவைக்காக நின்றுவிடுகின்றனர். அந்த ஒரு சிலரை அடையாளம் கண்டு அடுத்த வாரமும் அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், சான்றிதழ் வீணாவதில்லை. அத்தகைய ஆசிரியர் இல்லாத இடத்தில், நூறு பேர் பெயரில் ஒரே நாளில் நூறு பட்டியல்கள் பதிவாகி, மறுநாள் முதல் எதுவும் வராமற் போகும்.

விலகுவதற்கான காரணங்கள்

பெரும்பாலான திட்டங்களில் தகவலின் பெரும்பகுதி மிகச் சிலரிடமிருந்தே வருகின்றது. எஞ்சியோர் ஓரிரு முறை பதிந்துவிட்டு நின்றுவிடுகின்றனர். மறுமொழி இன்மை இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. நான்கு ஆண்டுகள் எண்ணி அனுப்பிய ஒருவர், அவ்வெண்கள் என்னவாயின என்பதை அறியாவிடில் சோர்வடைகின்றார். தவறாக அடையாளம் கண்டதைச் சுட்டும் முறையும் முக்கியமானது. ஈபேர்டில் ஐயத்துக்குரிய பதிவுகளை ஆய்ந்து பார்க்கும் பணியையும் தன்னார்வலரே செய்கின்றனர். அவர்கள் எழுதும் இரண்டு வரிக் கடிதம் கடுமையாக அமைந்தால் புதியவர் மீண்டும் வருவதில்லை. கனிவாக அமைந்தால் அதுவே அவருக்கு முதற்பாடமாகின்றது.

தரவு யாருக்குச் சொந்தம் என்ற ஐயமும் சிலரை விலக்குகின்றது. அரிய பறவையின் கூட்டிருப்பை வெளியிட்டால் வேட்டையாடுவோரும், கூட்டைக் கலைக்கும் புகைப்படக்காரரும் வருவர் என்ற அச்சம் நியாயமானது. இதன்பொருட்டு, பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் இருப்பிடத்தைத் தரவுத்தளங்கள் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்கின்றன.

உந்துதலும் தரவின் தரமும்

மனிதர் எதை விரும்பிப் பார்க்கின்றனரோ அதுவே பதிவாகும். இதனால் தரவில் சாய்வு ஏற்படுகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைகள் மிகுவதில்லை, நோக்குநர்களே மிகுகின்றனர். வலசைப் பறவைகளின் வருகை நாட்கள் வார இறுதிகளில் கூடுதலாகப் பதிவாகின்றன என்பது அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டப்பட்டுள்ளது. நகரங்களும் புகழ்பெற்ற சரணாலயங்களும் மீண்டும் மீண்டும் எண்ணப்பட, இடைப்பட்ட ஊர்கள் வெற்றிடங்களாகக் கிடக்கின்றன. அரிய பறவையைத் தேடுபவர் காகத்தையும் மைனாவையும் எழுதுவதில்லை.

இச்சாய்வைக் குறைப்பதற்கே முழுமையான பட்டியல் என்னும் முறை கையாளப்படுகின்றது. அடையாளம் காண முடிந்த எல்லா இனங்களையும், நோக்கிய நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றுடன் பதிய வேண்டும் என்பதே விதி. அவ்வாறு பதிந்தால், பட்டியலில் இல்லாத பறவை அங்கு காணப்படவில்லை எனக் கொள்ளலாம். பத்தாண்டுகளுக்கு முன் நூறு பட்டியல்களில் எண்பதில் இருந்த ஒரு பறவை இன்று நாற்பதில் மட்டுமே இருக்குமாயின், அது குறைந்துவருகின்றது எனக் கணிக்க முடியும். சிட்டுக்குருவி எங்கும் அழிந்து வருகின்றது என்ற பரவலான நம்பிக்கைக்கு மாறாக, பெருநகரங்களில் அது குறைந்திருப்பினும் நாடளவில் ஏறத்தாழ நிலையாக உள்ளது என 2020 அறிக்கை கூற முடிந்தது, எவரும் பொருட்படுத்தாத சிட்டுக்குருவியையும் பலர் தவறாமல் எழுதி வைத்ததனாலேயே ஆகும்.

பட்டாசுத் தொழிற் பகுதியும் பங்கேற்பும்

உந்துதல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்கெனவே பங்கேற்றவர்களையே வினவுகின்றன. வராதவர் ஏன் வரவில்லை என்பது அவற்றில் அரிதாகவே தெரிகின்றது. விருதுநகர் மாவட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக அமையும்.

மாவட்டத்தின் மேற்கெல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளது. அங்கு 1988 இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 பெப்ரவரியில் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. காட்டுயிர் ஆர்வலரின் கவனம் இயல்பாகவே இம்மலையை நோக்கிச் செல்கின்றது. கிழக்கே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்கள் கரிசல் மண்ணும் மானாவாரி வேளாண்மையும் கண்மாய்களும் கொண்டவை. மழை குறைந்த இப்பகுதியிலேயே பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள் வளர்ந்தன. நாட்டின் பட்டாசு உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி இங்கிருந்து வருகின்றது. மழை பெய்த ஆண்டுகளில் கரிசற் கண்மாய்களுக்கு நீர்ப்பறவைகளும், குளிர்காலத்தில் பயிர் நிலங்களுக்கு மத்திய ஆசியாவிலிருந்து சோளக்குருவிகளும் வருவதுண்டு.

சாத்தூர் அருகேயுள்ள அச்சங்குளம் என்னும் சிற்றூர், பிற ஊரார்க்கு ஒரு விபத்தின் பெயராகவே தெரியும். 2021 பெப்ரவரி 12 வெள்ளிக்கிழமையன்று அங்குள்ள பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் இருபது பேர்வரையிலோ அதற்கு மேலோ உயிரிழந்தனர். அந்த ஆண்டின் மாபெரும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு தொடங்கிய நாளும் அதுவே. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும், ஒரே நாளில் ஒரே மாவட்டத்தில் ஒருவருக்குப் பதினைந்து நிமிட ஓய்வு எவ்வளவு எளிதில் கிடைக்கின்றது, மற்றொருவருக்கு எவ்வளவு எட்டாததாக உள்ளது என்பதை இது நினைவூட்டுகின்றது.

பறவைகளை எண்ணுவதற்கு உகந்த நேரம் கதிரவன் எழுந்த முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று தொழிலாளரை ஏற்றிக்கொள்ளும் நேரமும் ஏறத்தாழ அதுவே. தொழிலாளருள் பெண்கள் மிகுதி; பெரும்பாலோர் நாட்கூலிக்கோ செய்த வேலையின் அளவுக்கேற்ற கூலிக்கோ உழைப்பவர்கள். ஒரு மணி நேரம் பிந்தினால் அது கூலியில் தெரியும். தன்னார்வம் என்பது உள்ளத்தின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. ஓய்வு நேரம், பாதுகாப்பாக நடந்து செல்லும் இடம், கைப்பேசி, உடன் வர ஒருவர் ஆகியனவும் வேண்டும். தனியாகக் கண்மாய்க் கரைக்குச் செல்லும் பெண்ணை ஊர் எவ்வாறு பார்க்கும் என்பதும் இதில் அடங்கும்.

மற்றொரு தடை நம்பிக்கை தொடர்பானது. பட்டாசு ஒலி பறவைகளைக் கலைக்கின்றது என்பது அறிவியல் அடிப்படையில் மெய்யே. நெதர்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவில் பட்டாசு வெடித்தவுடன் பெருந்தொகையான பறவைகள் இருளில் எழுந்து பறந்ததை வானிலை ராடார் வழியே கண்டறிந்து 2011 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். 2018 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்துக்கும், பயன்படுத்தும் வேதிப்பொருட்களுக்கும் கட்டுப்பாடுகள் விதித்தது. அதன் பின்னர் தொழிலின் எதிர்காலம் பற்றிய கவலை இப்பகுதியில் நீங்கவில்லை. இத்தகைய இடத்தில், பறவைகளை எண்ண வாருங்கள் என்று வெளியூரார் அழைத்தால், எண்ணிய எண்கள் தம் பிழைப்புக்கு எதிராகப் பயன்படுமோ என ஐயுறுவது வியப்பன்று. மூன்று நாட்டு ஆய்வில் நீடித்த பங்கேற்புக்கு முதற்படியாக நம்பிக்கை குறிப்பிடப்பட்டதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

ஆயினும் பட்டாசும் பறவையும் தென்மாவட்டங்களில் எப்போதும் எதிரெதிராக நின்றதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் 1977 இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர் மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகளின் பொருட்டுத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. இவ்வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்வதாகக் கூறப்படுகின்றது. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்திலும் வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் ஊரார் பேணி வருகின்றனர். அங்கு பால்பாண்டி என்பவர் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தும், வருகின்ற பறவைகளைக் கணக்கு வைத்தும் பல்லாண்டு காலம் பணியாற்றி, 2021 இல் காலமானார். பேட்சனின் பகுப்பில் இவை குழு நலத்தின் பாற்படும். தாம் காட்டுயிர்க் கண்காணிப்பில் ஈடுபட்டிருப்பதாக இவ்வூர் மக்கள் கருதுவதில்லை. இது தங்கள் ஊர் வழக்கம் என்றே சொல்வர்.

தீபாவளி முடிந்தபின் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடப்பட்டிருப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறையும் காலமும், வலசைப் பறவைகள் வந்து சேரத் தொடங்கும் காலமும் அதனுடன் பெரும்பாலும் ஒத்து வருகின்றன. இப்பகுதியில் கணக்கெடுப்பு நடத்த விரும்புவோர்க்குப் பொங்கலைவிட அவ்வாரங்கள் பொருத்தமாக இருக்கக்கூடும். தமிழ்நாடு வனத்துறை அண்மை ஆண்டுகளில் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பில் மாணவரும் தன்னார்வலரும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். ஊர்ப் பள்ளிகளுக்கு அருகிலேயே கண்மாய் இருப்பதால், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி நேரத்திலேயே ஆசிரியருடன் சென்று எண்ணுவதும் இயலக்கூடியதே. அதற்குத் தேவைப்படுபவை ஒரு தொலைநோக்கி, தமிழ்ப் பெயர்களுடன் கூடிய படத்தாள், எழுதி வைக்க ஒரு குறிப்பேடு ஆகியவை.